பாலிடெக்னிக்கிலயா சேர்க்கப் போறீங்க?

ஃப்ரீமான்ட்டில் இருக்கும் எங்கள் சித்தப்பா வீட்டில் இரண்டு வாரமாக ஒரே ரகளை. காரணம், என் தங்கை. சித்தப்பா பொண்ணு. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். சிவில் இன்ஜினியரிங் படிக்க ஆசை. விண்ணப்பித்த இடங்களில் கழித்துக்கட்டி, கடைசியில் இரண்டு பெயர் மிஞ்சியது. ஒன்று, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் (பெயர் வேண்டாம், அது முக்கியமில்லை). இன்னொன்று சான் லூயிஸ் ஒபிஸ்போ என்கிற சின்ன ஊரில் இருக்கும் கால் பாலி. முழுப்பெயர் கலிஃபோர்னியா பாலிடெக்னிக் ஸ்டேட் யுனிவர்சிட்டி.

அந்த முழுப்பெயர்தான் வினையே! பொள்ளாச்சியில் இருந்து அப்பத்தா ஃபோனில் கேட்டாராம்: "ஏங்கண்ணு, இத்தனை வருசம் அமெரிக்காவுல இருந்துட்டு புள்ளையப் பாலிடெக்னிக்கிலயா சேர்க்கப் போறீங்க?"

நம் ஊரில் பாலிடெக்னிக் என்றால் பத்தாவது முடித்துவிட்டு டிப்ளமோ படிக்கும் இடம். இன்ஜினியரிங் சீட் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று ஒரு நினைப்பு (அந்த நினைப்பே தப்பு, அது வேறு கட்டுரை). சித்தப்பாவுக்கு வித்தியாசம் தெரியும். ஆனாலும் அன்று ராத்திரி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உலக ரேங்க் லிஸ்ட் பூராவும் தேடிட்டேன். அந்தப் பேரே காணோம்டா. நீ இங்கேதானே காலேஜ் படிக்கிறே, நீயே அவகிட்ட எடுத்துச் சொல்லு."

எடுத்துச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வாரம் படித்துப் பார்த்ததில் நானே கொஞ்சம் மாறிவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தங்கைக்காக ஆரம்பித்தது, இந்த ஏப்ரலில் இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவலாம்.

எம்.எஸ். கண்ணாடி

நம் சித்தப்பா, பெரியப்பா, மாமாக்களில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு எப்படி வந்தார்கள்? பி.இ. ஊரில் முடித்துவிட்டு, ஜி.ஆர்.இ. எழுதி, எம்.எஸ். படிக்க வந்தார்கள். இல்லையென்றால் நேராக வேலைக்கு வந்தார்கள். அமெரிக்க இளங்கலை வகுப்பில் மாணவராக உட்கார்ந்தவர்கள் அவர்களில் மிகக் குறைவு. அவர்களுக்குத் தெரிந்த அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்பது பட்டமேற்படிப்புப் பல்கலைக்கழகம்.

எம்.எஸ்.ஸுக்கும் பி.ஹெச்டி.க்கும் இடம் தேடும்போது ஆராய்ச்சி ரேங்கைப் பார்ப்பது நியாயம்தான். எந்தப் பேராசிரியர் என்ன கட்டுரை எழுதினார், எவ்வளவு நிதி கொண்டுவந்தார், ஆய்வகம் எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அங்கே நேரடியாக உங்களைப் பாதிக்கும். ஆனால் பதினெட்டு வயதில் கால்குலஸ் வகுப்பில் போய் உட்காரப் போகிற பிள்ளைக்கு, பேராசிரியர் எத்தனை கட்டுரை எழுதினார் என்பதைவிட, அவர் வகுப்புக்கு வருவாரா என்பதுதான் முக்கியம்.

எம்.எஸ். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இளங்கலையைப் பார்க்கிறோம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதியெல்லாம் விளக்கம் :-)

லிஸ்ட்டில் ஏன் இல்லை?

இது எனக்கே தெரியாத விஷயம். கலிஃபோர்னியாவில் 1960 ஆம் ஆண்டு 'மாஸ்டர் பிளான்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கிளார்க் கெர் என்பவர் அதில் முக்கியமான ஆள். அரசுக் கல்லூரிகளை மூன்று தட்டாகப் பிரித்தார்கள். பள்ளி முடிப்பவர்களில் மேல்தட்டு எட்டில் ஒரு பங்குக்கு யூ.சி. என்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். மேல் மூன்றில் ஒரு பங்குக்கு இன்று சி.எஸ்.யூ. என்று நாம் சொல்லும் மாநிலப் பல்கலைக்கழகம். மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ். ஆராய்ச்சியும் முனைவர் பட்டமும் யூ.சி.யின் வேலை, இளங்கலையும் முதுகலையும் கற்பிப்பது சி.எஸ்.யூ.வின் வேலை என்று கோடு கிழித்தார்கள். சி.எஸ்.யூ. தனியாக முனைவர் பட்டம் கொடுக்கவே முடியாது என்ற நிலை பல வருடம் இருந்தது. 2005-ல் கல்வியியலில் மட்டும் கொஞ்சம் தளர்த்தினார்கள். பிறகுதான் வேறு சில தொழில்முறைப் பட்டங்கள்.

கால் பாலி அந்த சி.எஸ்.யூ. குடும்பத்தில் ஒன்று. அங்கே சுமார் 22,000 மாணவர்கள். அதில் 100-க்கு 90 பேருக்கும் மேல் இளங்கலை. பி.ஹெச்டி. மாணவர் கூட்டம் இல்லை, ஆகவே கட்டுரைகளும் மேற்கோள்களும் பெரிய பல்கலைக்கழகம் அளவுக்கு இருக்காது. அவற்றை வைத்துப் போடும் உலக ரேங்கில் பெயர் எப்படி வரும்? அமெரிக்காவிலேயே யூ.எஸ். நியூஸ் பட்டியலில் 'தேசியப் பல்கலைக்கழகங்கள்' பக்கத்தில் தேடினால் கிடைக்காது. 'மேற்குப் பிராந்தியப் பல்கலைக்கழகங்கள்' என்ற பக்கத்தில் மேலே இருக்கும். இன்ஜினியரிங்கிலும் 'முனைவர் பட்டம் தராத கல்லூரிகள்' என்று தனிப் பட்டியல் உண்டு, அங்கேயும் மேலேதான்.

ஆக, பெயர் காணவில்லை என்பது தரத்தைப் பற்றிய செய்தி இல்லை. சட்டம் கிழித்த கோட்டைப் பற்றிய செய்தி. ஓட்டப்பந்தய லிஸ்ட்டில் நீச்சல்காரர் பெயரைத் தேடி, "ஆளையே காணோம்" என்று சொல்வது மாதிரி.

கால் பாலி மட்டும் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் ஜெனிசியோ, மிசௌரியில் ட்ரூமன் ஸ்டேட், நியூ ஜெர்சியில் 'தி காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி' என்று இளங்கலையையே முக்கியமாக வைத்திருக்கும் அரசுக் கல்லூரிகள் பல மாநிலங்களில் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் கால் பாலி என்று நான் எழுதும் இடத்தில் அதைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

யார் பாடம் நடத்துகிறார்?

என் கதையைச் சொல்கிறேன். நான் படிப்பது ஒரு பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். முதல் வருட கெமிஸ்ட்ரி வகுப்பில் 350 பேர். மைக் வைத்துத்தான் பேசுவார்கள். பேராசிரியர் நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். அந்த ஒரு டேர்ம் முழுக்க நான் அவரிடம் பேசியது இரண்டு வாக்கியம். அதில் ஒன்று "எக்ஸ்க்யூஸ் மீ". சந்தேகமெல்லாம் கேட்டது டி.ஏ. என்கிற பட்டமேற்படிப்பு மாணவரிடம். பாவம், அவருக்கே அந்த வாரம் தேர்வு.

இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு கோடைக்கால வேலைக்குப் பேராசிரியரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள். யாரிடம் போய்க் கேட்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய பேராசிரியர் ஒருவர்கூட இல்லை. கடைசியில் விண்ணப்பமே போடவில்லை. அதற்கு என் கூச்சமும் ஒரு காரணம், முழுக்கப் பல்கலைக்கழகத்தின் மேல் பழி போட மாட்டேன். ஆனால் கூச்ச சுபாவம் உள்ளவன் எளிதாகத் தொலைந்து போகக்கூடிய இடம் அது என்பது உண்மை.

சி.எஸ்.யூ.வில் கணக்கு வேறு. அங்கே நிரந்தரப் பேராசிரியரின் வேலையை டேர்முக்கு 15 அலகு என்று வைத்தால், அதில் 12 அலகு பாடம் நடத்துவதற்கு என்பது வழக்கம். அதாவது வேலையில் பெரும்பங்கு கற்பித்தலே. பி.ஹெச்டி. மாணவர்கள் இல்லாததால் முதல் வருட வகுப்பைத் தள்ளிவிட ஆளும் கிடையாது. லேபிலும் பெரும்பாலும் ஆசிரியர்தான் நிற்பார்.

உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். அவ்வளவு பாடம் நடத்துகிறவருக்குக் களைப்பும் இருக்கும். தவிர, வகுப்பெடுப்பவர் நிரந்தரப் பேராசிரியராகவும் இருக்கலாம், ஒப்பந்தத்தில் இருக்கும் லெக்சரராகவும் இருக்கலாம். லெக்சரர் மோசமாக நடத்துவார் என்று சொல்லவில்லை, பல சமயம் அவர்தான் நன்றாக நடத்துவார். ஆனால் நீங்கள் மூன்றாம் வருடம் போகும்போது அவர் அங்கே இருப்பாரா என்பது கேள்வி. 'டி.ஏ. இல்லை' என்று கையேட்டில் போட்டிருந்தால் அதோடு நிறுத்தாமல் இதையும் கேளுங்கள்.

இன்னொன்று. 'ஒரு ஆசிரியருக்கு இத்தனை மாணவர்' என்று ஒரு எண் எல்லாக் கையேட்டிலும் இருக்கும். அதை நம்பாதீர்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு வகுப்பு மட்டும் எடுக்கும் ஆராய்ச்சியாளரும் அந்தக் கணக்கில் ஒரு முழு ஆள்தான். அதற்குப் பதில் 'காமன் டேட்டா செட்' என்று தேடுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வருடாவருடம் வெளியிடுகின்றன. அதில் ஒன்பதாவது பகுதியில், 20 பேருக்குக் கீழே எத்தனை வகுப்பு, 50 முதல் 99 வரை எத்தனை, 100-க்கு மேல் எத்தனை என்று அட்டவணையே இருக்கும். நானும் தங்கையும் இரண்டு இடத்து அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சித்தப்பா அன்று முதல்முறையாக வாய் பேசாமல் இருந்தார்.

கையால் செய்கிற படிப்பு

கால் பாலி 1901-ல் சட்டம் போட்டுத் தொடங்கப்பட்டது. வகுப்பு ஆரம்பித்தது 1903-ல், வெறும் 20 மாணவர்களுடன். அப்போது அது தொழில் கற்றுக்கொடுக்கும் பள்ளி, அவ்வளவுதான். 'செய்து கற்றுக்கொள்' என்பதுதான் அவர்களுடைய தாரக மந்திரம். இப்போதும் அதைச் சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். சுவரில் எழுதுவது யாருக்கும் முடியும். உண்மையிலேயே செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

சில உதாரணங்கள் சொல்கிறேன். 1999-ல் கால் பாலி பேராசிரியர் ஹோர்டி புய்க்-சுவாரியும் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் பாப் ட்விக்ஸும் சேர்ந்து 'க்யூப்சாட்' என்று ஒன்றை வடிவமைத்தார்கள். பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள பெட்டி. மாணவர்கள் படிக்கும் காலத்துக்குள்ளேயே ஒரு செயற்கைக்கோளைக் கட்டி முடிக்க வேண்டும், அதற்கேற்ற அளவில் ஒன்று வேண்டும் என்பதுதான் யோசனை. அதை ராக்கெட்டில் இருந்து வெளியே தள்ளிவிடும் பெட்டியையும் கால் பாலியில்தான் செய்தார்கள். அந்த அளவு இன்று உலகம் முழுக்க ஒரு தரநிலை. 2017 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. ஒரே ஏவுதலில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனதே, ஞாபகம் இருக்கிறதா? அதில் பெரும்பாலானவை இந்த க்யூப்சாட் வகைதான். நாம் கைதட்டிய அந்தச் சாதனைக்குள் ஒரு மாணவர் ஆய்வகத்தின் அளவுகோல் இருந்தது.

1986-ல் எரிபொருள் நிரப்பாமல், எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றிவந்த 'வாயேஜர்' விமானத்தை வடிவமைத்த பர்ட் ருட்டன் 1965-ல் இங்கே பட்டம் வாங்கியவர். விண்வெளி வீரர் விக்டர் க்ளோவர் 1999-ல் இங்கே இன்ஜினியரிங் முடித்தவர். பெரிய பெயர்களைக் காட்டி ஆள் பிடிக்கும் வேலையை எல்லாக் கல்லூரியும் செய்கிறது, ஆகவே இதற்கு அதிக மதிப்பு கொடுக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது வேறு. பால் பண்ணை நடத்துகிறார்கள், மாணவர்கள் செய்த சாக்லேட்டை விற்கிறார்கள், வளாகத்தை ஒட்டிய பள்ளத்தாக்கில் கட்டடக்கலை மாணவர்கள் கட்டிய விசித்திரமான கட்டடங்கள் நிற்கின்றன. பட்டம் வாங்கும் முன் 'சீனியர் ப்ராஜெக்ட்' என்று ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். தங்கையின் துறையில் கான்கிரீட்டால் படகு செய்து மிதக்கவிடும் போட்டி ஒன்று உண்டு. தேசிய அளவில் நடக்கிறது, கால் பாலி அணி அதில் பல தடவை முதலிடம் வாங்கியிருக்கிறது.

கான்கிரீட் படகு என்றதும் சித்தப்பா சிரித்தார். "சிமென்ட் மிதக்குமாடா?"

அந்தச் சிரிப்புக்குப் பிறகு வருகிறேன். முதலில் பாதகங்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

ஒன்று. இங்கே விண்ணப்பிக்கும்போதே துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் துறைக்குத்தான் இடம் தருகிறார்கள். முதல் வருடத்திலிருந்தே துறைப் பாடம் ஆரம்பம், இது நல்லது. ஆனால் மனம் மாறினால் வேறு துறைக்குத் தாவுவது கஷ்டம். இதில் நான் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் மெக்கானிக்கலில் சேர்ந்து, இரண்டாம் வருடத்தில் புள்ளியியலுக்கு மாறியவன். என் பெரிய பல்கலைக்கழகத்தில் அது இரண்டு படிவம், ஒரு கையெழுத்து. எந்த இடத்தில் தொலைந்து போனேன் என்று மேலே அழுதேனோ, அதே இடம்தான் எனக்கு வழியும் மாற்றிக் கொடுத்தது. என்ன படிக்கிறோம் என்று தெரியாத பிள்ளைக்கு நான் கால் பாலியைச் சொல்ல மாட்டேன்.

இரண்டு. பி.ஹெச்டி. ஆசை இருந்தால், பெரிய ஆய்வகங்கள் இங்கே குறைவு. ஆனால் இருக்கும் ஆராய்ச்சியில் பேராசிரியருக்கு உதவி செய்ய இளங்கலை மாணவரை விட்டால் ஆள் இல்லை. தேசிய அறிவியல் அறக்கட்டளை கோடையில் வேறு பல்கலைக்கழகங்களில் இளங்கலை மாணவர்களுக்கு ஆராய்ச்சி வாய்ப்பு தருகிறது. ஆராய்ச்சி வசதி குறைந்த கல்லூரிகளில் இருந்து வருபவர்களுக்கு அதில் தனி இடம் உண்டு. குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும் என்பது மட்டும் கவனம்.

மூன்று, ஊர். மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 47,000 சொச்சம். லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே, எந்தப் பக்கம் போனாலும் 300 கிலோமீட்டருக்கு மேல். அழகான ஊர், வியாழக்கிழமை சாயங்காலச் சந்தை பிரமாதம். ஆனால் ஃப்ரீமான்ட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, வகுப்பில் தன்னைப்போல் இன்னொரு முகம் தேடினால் சட்டென்று கிடைக்காது. சி.எஸ்.யூ. வளாகங்களில் வெள்ளையர் விகிதம் அதிகமாக உள்ள வளாகம் இது. 2018 ஏப்ரலில் மாணவர் சங்கம் ஒன்றைச் சேர்ந்த ஒருவர் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு எடுத்த படம் வெளியாகிப் பெரிய போராட்டம் நடந்தது. அந்த வகை மாணவர் சங்கங்கள் எல்லாவற்றின் நடவடிக்கைகளையும் நிர்வாகம் நிறுத்தி வைத்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. நான்கு வருடம் வாழப்போகும் இடம். தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நான்கு, வேகம். இதுவரை பத்து வார குவார்ட்டர் முறை. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போச்சு. 2026 இலையுதிர் காலத்தில் செமஸ்டருக்கு மாறுவதாக அறிவித்திருக்கிறார்கள். தங்கை சேர்ந்தால் முதல் செமஸ்டர் கூட்டம் அவர்கள்தான். புதுச் சட்டை, தைத்த பிறகுதான் எங்கே இறுக்குகிறது என்று தெரியும்.

ஐந்து, பணம். சி.எஸ்.யூ. டியூஷன் 2025-26-ல் கலிஃபோர்னியாக்காரர்களுக்கு வருடம் 6,450 டாலர். யூ.சி.யில் 14,000-க்கு மேல். இதைப் பார்த்துவிட்டு "பாதி விலை" என்று முடிவு கட்டாதீர்கள். கால் பாலியில் வளாகக் கட்டணங்கள் தனி, அவை மற்ற சி.எஸ்.யூ.க்களை விட அதிகம். அதைச் சேர்த்தால் வித்தியாசம் நன்றாகவே குறைகிறது. போதாததற்கு அந்த ஊரில் வாடகை எகிறிக் கிடக்கிறது. டியூஷனும் 2024 முதல் ஐந்து வருடம், வருடத்துக்கு 6 சதவீதம் ஏறும் என்று முடிவாகிவிட்டது.

சென்னையில், கோவையில் இருந்து இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன தொகை உங்களுக்கு இல்லை. வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு அதற்கு மேல் தனிக் கட்டணம் உண்டு. இது கலிஃபோர்னியா மக்கள் வரிப்பணத்தில், கலிஃபோர்னியாப் பிள்ளைகளுக்காக நடக்கும் இடம். வெளிநாட்டு மாணவர்கள் மிகக் குறைவு. வீட்டை அடகு வைத்து இங்கே பி.எஸ். படிக்க வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

"ஆனா பேருன்னு ஒண்ணு இருக்கே?"

சித்தப்பாவின் கடைசி அஸ்திரம் இது. இதில் நியாயமும் இருக்கிறது. வேறு நாட்டுக்குப் போனால், ஏன், வேறு மாநிலத்துக்குப் போனாலே கால் பாலி என்றால் விளக்கம் சொல்ல வேண்டி வரும். கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ளவும் சுகமான பெயர் இல்லை.

ஆனால் இன்ஜினியரிங்கில், அதுவும் சிவிலில், கலிஃபோர்னியாவில் வேலை செய்யப்போகிற பெண்ணுக்கு யார் வேலை கொடுக்கிறார்கள்? இந்த மாநிலத்தில் கட்டடமும் பாலமும் கட்டுகிற நிறுவனங்கள். அவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். படிப்புக்கு ஏபெட் அங்கீகாரம் இருக்கிறது, நாளைக்குப் பி.இ. லைசென்ஸ் வாங்க அது உதவும். யாரிடம் பெயர் எடுபட வேண்டும் என்று யோசித்தால் இந்தக் கேள்வி பாதி கரைந்துவிடும். அப்பத்தாவிடமா, வேலை கொடுப்பவரிடமா? அப்பத்தாவிடம்தான் என்றால் அதற்கு மருந்து இல்லை :-)

என் வார்த்தையை நம்ப வேண்டாம். 'காலேஜ் ஸ்கோர்கார்ட்' என்று கல்வித்துறை நடத்தும் தளத்தில், எந்தக் கல்லூரியில் எந்தத் துறை படித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு கடன் வைத்திருக்கிறார்கள் என்று துறைவாரியாகப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் சராசரியைப் பார்க்காதீர்கள், உங்கள் துறையைப் பாருங்கள்.

நேரில் போனால் கேட்க வேண்டியவை

நானும் தங்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டது:

1. முதல் வருடக் கணக்கு வகுப்பில் எத்தனை பேர்? நடத்துவது யார்?
2. மூன்றாம் வருட மாணவரிடம்: உனக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கக்கூடிய பேராசிரியர்கள் எத்தனை பேர்?
3. வேண்டிய வகுப்பில் இடம் கிடைக்கிறதா? கிடைக்காமல் ஒரு டேர்ம் தள்ளிப்போனது உண்டா?
4. துறை மாற நினைத்தவர் யாரையாவது தெரியுமா? அவருக்கு என்ன ஆயிற்று?
5. லேப் கருவியை மாணவர் தொடலாமா, பார்க்க மட்டும்தானா?
6. இரண்டாம் வருடம் எங்கே தங்கினாய், வாடகை எவ்வளவு?

சுற்றிக் காட்டும் வழிகாட்டி மாணவரிடம் கேட்காதீர்கள். அவருக்கு அது வேலை. கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுபவரிடம் கேளுங்கள்.

சித்தப்பாவும் சிலிண்டரும்

போன சனிக்கிழமை மூன்று பேரும் காரில் கிளம்பினோம். 101-ல் மூன்றரை மணி நேரம். சித்தப்பா வழி முழுக்கப் பேசவில்லை, இளையராஜா மட்டும் பேசினார்.

சிவில் துறை லேபில் கான்கிரீட் படகு வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு மாணவி. சித்தப்பா போய் நின்றார். "க்யூப் எங்கே?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நம் ஊரில் கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க 15 சென்டிமீட்டர் கனசதுரமாக வார்ப்பார்கள், இங்கே உருளையாக வார்க்கிறார்கள். அது தெரிந்ததும் இருவரும் ஆரம்பித்தார்கள். கலவை விகிதம் என்ன, ஜல்லிக்குப் பதில் என்ன போட்டீர்கள், எடை எப்படிக் குறைந்தது, 28 நாள் பலம் எவ்வளவு... இருபது நிமிடம். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாத ஒன்றுக்கு "மூன்று தடவை உடைந்தது, ஏன் என்று இன்னும் தேடுகிறோம்" என்றாள். கையெல்லாம் சிமென்ட் காய்ப்பு.

சித்தப்பாவும் சிவில் படித்தவர்தான். கோவையில். முடித்த கையோடு கம்ப்யூட்டர் கோர்ஸ் போய், சாஃப்ட்வேரில் வந்து, முப்பது வருடம் ஆகிறது. திரும்பும்போது கிங் சிட்டி தாண்டியதும் சொன்னார்: "தம்பி, நான் நாலு வருசம் சிவில் படிச்சேன். ரெக்கார்டு நோட்டு அழகா எழுதுவேன். கான்கிரீட்டை ஒரு நாள்கூட என் கையால கலக்கினதில்லடா."

தங்கை பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். இல்லை, தூங்குவதுபோல் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

மே 1-க்கு இன்னும் சில நாள் இருக்கிறது. எங்கே சேர்வது என்பது அவள் முடிவு. அவளுக்குச் சிவில்தான் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை, ஆகவே என் ஓட்டு கால் பாலிக்கு. சித்தப்பா எந்தப் பக்கம் என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் நேற்று அப்பத்தா ஃபோன் செய்து மறுபடி பாலிடெக்னிக் பேச்சை எடுத்தபோது, "ஆமாம்மா, பாலிடெக்னிக்தான். அங்கே படகு செய்யறாங்க" என்றாராம்.